குதிரைப்படை வீரனாகச் சுடப் போகிறீர்களா? முதலில் ஆண்டை முடிவு பண்ணுங்கள்

கௌபாய் ஆக்‌ஷன் ஷூட்டிங் பக்கம் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் "எந்த ரிவால்வர் வாங்கலாம்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். கௌபாய் வேடம் போடுகிறவருக்கு அந்தக் கேள்வி பரவாயில்லை, ஏனென்றால் மாடு மேய்த்தவன் கையில் கிடைத்ததை வைத்துக்கொண்டான். குதிரைப்படை வேடத்துக்கு அது ஆகாது. அமெரிக்க ராணுவம் தன் ஆட்களுக்கு என்ன துப்பாக்கி, என்ன உறை, என்ன பெல்ட் கொடுத்தது என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறது. 1868ல் கொடுத்தது வேறு, 1876ல் வேறு, 1886ல் வேறு. மூன்றையும் கலந்து மாட்டிக்கொண்டு போனால், விஷயம் தெரிந்த ஒருவர் பத்தடி தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். அதனால் ஆண்டு, ரெஜிமென்ட், பதவி இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.

விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி, எல்லோரும் சாஸ் என்பார்கள், 1987ல் அமெரிக்காவில் அமைந்தது. ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு புனைபெயர், 19ஆம் நூற்றாண்டு உடை. முக்கியப் போட்டியில் ஒருவருக்கு, ஒவ்வொரு முறையும் ஹேமரை (தோட்டாவை அடிக்கும் சுத்தியலை) விரலால் இழுத்துச் சுடுகிற இரண்டு சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்கள், ரிவால்வர் தோட்டா போடுகிற, நெம்புகோலை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் ஒரு லீவர் ரைஃபிள், ஒரு ஷாட்கன் தேவை. இரும்புப் பலகைகளைச் சுட்டு நேரம் பார்ப்பார்கள். இன்னொரு அமைப்பு நேஷனல் காங்கிரஸ் ஆஃப் ஓல்டு வெஸ்ட் ஷூட்டிஸ்ட்ஸ். அங்கே வேகத்தைவிட வரலாற்றுத் துல்லியத்துக்கு மதிப்பு அதிகம்.

முதலில் சட்டம், இல்லையென்றால் மற்றதெல்லாம் வீண்

நம்மவர்கள் பலர் எச்1பி விசாவிலோ மாணவர் விசாவிலோ இருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. "நண்பனுடைய துப்பாக்கிதானே, ரேஞ்சில் சும்மா சுட்டுப் பார்க்கிறேன்" என்பதுகூட விசாவில் இருப்பவருக்குச் சிக்கலாகலாம். ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். கேட்காமல் இறங்கி, குடியேற்ற விண்ணப்பத்தில் கறை படுவதற்கு எந்த ரிவால்வரும் ஈடாகாது.

1898 அல்லது அதற்கு முன் தயாரான துப்பாக்கியும், தோட்டா இல்லாமல் கருமருந்தும் கேப்பும் போட்டுச் சுடுகிற பெர்கஷன் வகை நகல்களும் மத்தியச் சட்டத்தில் பழம்பொருள் கணக்கில் வரும். மாநிலச் சட்டம் அப்படியே ஒத்துப்போகும் என்று நினைத்துவிடாதீர்கள், அதைத் தனியாகப் பாருங்கள்.

ஆண்டும் ரெஜிமென்டும்

எனக்குத் தெரிந்து புதியவர்களுக்கு நன்றாகப் பொருந்துகிற காலங்கள் மூன்று.

ஒன்று 1866 முதல் 1870 வரை. உள்நாட்டுப் போர் முடிந்து, மிச்சமிருந்த சரக்கோடு படை மேற்கே போன காலம். ஏழு தோட்டா அடங்கும் ஸ்பென்சர் கார்பைன் (குதிரைவீரனுக்கான குட்டை ரைஃபிள்), கோல்ட் 1860 ஆர்மி அல்லது ரெமிங்டன் நியூ மாடல் ஆர்மி பெர்கஷன் ரிவால்வர், கறுப்புத் தோல் சாமான்கள். 1868 நவம்பர் 27ல் வாஷிட்டா ஆற்றங்கரையில் 7ஆம் குதிரைப்படை இவற்றோடுதான் போனது. அந்த நாளைத் தேர்ந்தெடுக்கிறவர் பிளாக் கெட்டிலின் ஷயான் கிராமத்தில் அன்று காலை பெண்களும் குழந்தைகளும் செத்த கதையையும் படித்துவிட்டுத் தேர்ந்தெடுக்கட்டும். வேடம் போடுகிறவரிடம் யாராவது ஒருவர் அதைக் கேட்பார், கேட்கவும் வேண்டும்.

இரண்டு 1874 முதல் 1880 வரை. 1876ல் கஸ்டரின் 7ஆம் குதிரைப்படை தோற்ற லிட்டில் பிக்ஹார்ன் சண்டை என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிற காலம். கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி, ஸ்பிரிங்ஃபீல்டு 1873 கார்பைன். முதல்முறை வேடம் போடுகிறவருக்கு இதைத்தான் சொல்வேன், நகல்கள் எளிதாகக் கிடைக்கும். ஆனால் எல்லோரும் 7ஆம் படையிலேயே போய்ச் சேருவது எனக்குச் சலிப்பாக இருக்கிறது. 10ஆம் குதிரைப்படையைப் பாருங்கள். 1866ல் கறுப்பின வீரர்களைக் கொண்டு அமைத்த படை, தளபதி பெஞ்சமின் கிரியர்சன். 1880 ஜூலை 30ல் மேற்கு டெக்சாஸில் டினாஹா டி லாஸ் பால்மாஸ் என்ற நீர்நிலையில் கிரியர்சன் சின்னப் படையோடு மறித்து நின்று, அப்பாச்சித் தலைவர் விக்டோரியோவைத் தண்ணீர்ப் பக்கம் வர விடாமல் தடுத்தார். இதே படையில் மேஜராக இருந்த ஜார்ஜ் ஸ்கோஃபீல்டு பெயரில்தான் ஸ்கோஃபீல்டு ரிவால்வர் வந்தது.

மூன்று 1885, 1886. அரிசோனாவில் ஜெரோனிமோ என்ற அப்பாச்சியைத் துரத்திய காலம். லாட்டன் என்ற கேப்டனின் கீழ் 4ஆம் குதிரைப்படை மலையும் பாலைவனமுமாக அலைந்தது, 1886 செப்டம்பர் 4ல் ஸ்கெலிடன் கேன்யனில் சரண். நெய்த துணித் தோட்டா பெல்ட், மண்நிறத் தொப்பி, சௌகரியத்துக்காக வீரர்களே மாற்றிக்கொண்ட உடை என்று எல்லாம் இந்தக் காலத்தில் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

பதவியும் முக்கியம். சாதாரண வீரனுக்குக் கொடுத்தது மட்டும்தான். அதிகாரிகள் தங்கள் காசில் வாங்கிக்கொண்டார்கள், அதனால் அங்கே சுதந்திரம் அதிகம். சிவிலியன் ஸ்கவுட், அதாவது படைக்கு வழிகாட்டி உளவு பார்த்த வெளியாள், என்றால் இன்னும் அதிகம்.

ரிவால்வர்

இங்கேதான் ஒரு சிக்கல். போட்டிக்கு இரண்டு ரிவால்வர் வேண்டும், படைவீரனுக்கு ராணுவம் கொடுத்ததோ ஒன்று. இதற்கு மூன்று வழி இருக்கிறது. ஸ்கவுட் அல்லது அதிகாரி வேடம் எடுத்துக்கொண்டு இரண்டாவதை நியாயப்படுத்தலாம். இல்லையென்றால் முன்னாள் வீரன் ஆகிவிடுங்கள். 1865ல் படையைவிட்டுப் போன ஆட்கள் தங்கள் ஆயுதத்தைச் சம்பளத்தில் கழித்துக்கொண்டு வீட்டுக்கு எடுத்துப்போக ராணுவம் அனுமதித்தது. ரிவால்வருக்கு 8 டாலர், ஸ்பென்சருக்கு 10 டாலர். அந்தப் பழைய 1860 கோல்ட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு மறுபடி ஸ்கவுட்டாக வேலைக்குச் சேர்ந்தவன் என்று சொன்னால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மூன்றாவது வழி, நேஷனல் காங்கிரஸ் மாதிரி இடங்களில் ஒரே ரிவால்வரோடு சுடும் பிரிவில் சேர்வது. துல்லியம்தான் உங்களுக்குப் பெரிது என்றால் இந்த மூன்றாவதுதான் சரி.

கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி என்றால் என்னென்ன பார்க்க வேண்டும்? குழல் ஏழரை அங்குலம். ஐந்தரை அங்குலக் குழல் பார்க்க அழகுதான், ஆனால் ராணுவம் அப்படி வெட்டிக் குறைத்தது 1890களின் நடுவில், அதுவும் பீரங்கிப்படை மாடல் என்று இன்று சொல்கிறோமே, அந்த வரிசை. பிடி ஒரே துண்டு வால்நட் மரம், எண்ணெய் பூசியது, கோடு வெட்டாதது. குழல் நீலம், சட்டமும் ஹேமரும் பல நிறம் கலந்த கேஸ் ஹார்டனிங். நிக்கல் பூச்சு, தந்தப்பிடி எல்லாம் சாதாரண வீரனுக்குக் கிடையாது.

இத்தாலிய நகல்களில் சட்டத்தின் முன்பக்கத்தைப் பாருங்கள். சிலிண்டர் அச்சைப் பிடித்திருப்பது சாய்வாக இறங்கும் ஒரு திருகாணியா, பக்கவாட்டில் அழுத்தித் தள்ளும் ஸ்பிரிங் பூட்டா? திருகாணி இருந்தால்தான் 1870களின் அமைப்பு, அழுத்தும் பூட்டு 1890களில் வந்தது. காலித் தோட்டாவை வெளியே தள்ளும் கம்பியின் தலை முழு வட்டமாக இருந்தால் முந்தைய வடிவம், பாதி நிலா மாதிரி இருந்தால் பிந்தையது. ஊபர்ட்டி கம்பெனி திருகாணி வைத்த பழைய சட்டத்தோடும் செய்கிறது. ஆர்டர் பண்ணும்போது அதைச் சொல்லிக் கேளுங்கள், சொல்லாவிட்டால் கடைக்காரர் கையில் இருக்கிறதைத்தான் தருவார்.

ஸ்கோஃபீல்டு 1875ல் வந்தது. மேலே பூட்டைத் திறந்து மடக்கினால் காலித் தோட்டாக்கள் மொத்தமாக வெளியே குதிக்கும், குதிரைமேல் இருப்பவனுக்கு அது பெரிய வசதி. ஆனால் அதன் சிலிண்டர் குட்டை, கோல்ட் ரிவால்வருக்கான .45 கோல்ட் தோட்டா உள்ளே போகாது. ஸ்கோஃபீல்டின் குட்டைத் தோட்டாவோ கோல்ட்டில் போகும். அதனால் ராணுவம் இரண்டுக்கும் பொதுவாகக் குட்டைத் தோட்டாவையே செய்ய ஆரம்பித்தது. இன்றைய ஊபர்ட்டி நகலில் .45 கோல்ட் போகிறதே என்றால், அதற்காகவே அதன் சிலிண்டரையும் சட்டத்தையும் நீட்டியிருக்கிறார்கள். அந்த நீட்டலுக்கு ஒரு விலை உண்டு. கருமருந்து போட்டுச் சுட்டால் புகைக்கரி அடைந்து சிலிண்டர் சீக்கிரம் இறுகிவிடும். கருமருந்துப் பிரிவில் சுடுவதாக இருந்தால் கோல்ட் நகல்தான் நிம்மதி.

அசல் கோல்ட் வாங்க ஆசையா? ராணுவ முத்திரை உள்ள அசல்கள் ஆயிரக்கணக்கான டாலர் போகும். "யூ.எஸ்." என்ற எழுத்தையும் இன்ஸ்பெக்டர் முத்திரையையும் போலியாக அடித்து விற்கிறவர்களும் நிறைய. அதோடு தன் ரிவால்வரில் புகையற்ற மருந்து போடலாம் என்று கோல்ட் கம்பெனி உறுதி சொன்னதே 1900ல்தான். பழையதைச் சுவரில் மாட்டுங்கள், நகலைச் சுடுங்கள்.

உறையும் பெல்ட்டும்

எல்லோரும் காசைத் துப்பாக்கியில் கொட்டிவிட்டு உறையை மலிவாக முடிக்கப் பார்ப்பார்கள். ஆனால் வேடம் நிற்பதும் விழுவதும் தோலில்தான். ரேஞ்சில் துப்பாக்கி பெரும்பாலும் உறைக்குள்ளே இருக்கிறது, அல்லது மேசைமேல் கிடக்கிறது. நாள் முழுக்கக் கண்ணில் படுவது உங்கள் இடுப்பு.

நிறத்தில் ஆரம்பிப்போம். எல்லைப்புறக் காலம் முழுக்க அமெரிக்க ராணுவத் தோல் கறுப்பு. செம்பழுப்புத் தோலுக்கு ராணுவம் மாறியது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். "கேவல்ரி ஹோல்ஸ்டர்" என்று பெயர் போட்டுப் பழுப்பு நிறத்தில் விற்பதை வாங்காதீர்கள், எவ்வளவு நல்ல தையல் என்றாலும்.

அடுத்தது வடிவம். ராணுவ உறைக்கு ரிவால்வரின் பிடியையும் மூடுகிற பெரிய மூடி உண்டு. மூடியின் நுனியில் ஒரு தோல் நாக்கு, அதில் ஒரு துளை, அது உறையில் இருக்கும் பித்தளைக் குமிழில் மாட்டும். அடிப்பகுதி அடைத்திருக்கும். பின்னால் பெல்ட் நுழைய ஒரு வளையம். உள்நாட்டுப் போர்க்கால உறைகளின் மூடி பொதுவாக வெறுமையாகவே இருக்கும். நீள்வட்டத்துக்குள் "யூ.எஸ்." என்று அழுத்திய மூடி 1881 மாடலின் அடையாளம். 1868 வேடத்தில் அந்த எழுத்து உள்ள மூடியைத் தொங்கவிட்டால், அவ்வளவுதான்.

அந்தப் பின்வளையத்துக்குள் ஒரு கதை இருக்கிறது. பழைய வளையம் குறுகலானது, வாள் பெல்ட்டின் அகலத்துக்கு அளந்தது. 1870களில் வீரர்கள் தோட்டாவைப் பெட்டியில் வைப்பதை வெறுத்து, வரிசையாகக் கண்ணிகள் வைத்த அகலமான பெல்ட்டைத் தாங்களே தைத்துக்கொண்டார்கள், அல்லது கம்பெனியில் சேணம் தைப்பவரிடம் கொடுத்துத் தைத்துக்கொண்டார்கள். பிரேரி பெல்ட் என்று பெயர். அதன் அகலத்துக்குப் பழைய உறையின் வளையம் பத்தவில்லை, அதனால் வளையத்தை அறுத்துப் பெரிதாக்கி ஒட்டுத் தைத்தார்கள். ராணுவம் 1876ல் தானே பிரேரி பெல்ட் செய்து கொடுத்தது, 1881 உறையில் வளையத்தையும் அகலமாக்கியது. ஆக 1877க்கு வேடம் போடுகிறீர்கள் என்றால், பழைய உறையை வாங்கி, பின்வளையத்தை அறுத்து, மெழுகு நூலில் கையால் ஒட்டுத் தைத்து பிரேரி பெல்ட்டில் மாட்டுங்கள். கொஞ்சம் கோணல்மாணலாகத் தைத்தாலும் பரவாயில்லை, அது அப்படித்தான் இருந்தது. கடையில் வாங்கிய எந்தப் பளபளப்பான உறையும் இதற்குப் பக்கத்தில் நிற்காது.

அந்தக் காலத் தோட்டாக் கூடுகள் செம்பு. தோல் கண்ணியில் கிடந்தால் களிம்பு ஏறி, பச்சையாகப் பிசுபிசுத்துக் கண்ணியோடு ஒட்டிக்கொள்ளும். கேன்வாஸ் பெல்ட்டில் அந்தத் தொல்லை குறைவு. ஆன்சன் மில்ஸ், 1876ல் ஸ்லிம் பியூட்ஸ் சண்டையில் 3ஆம் குதிரைப்படைக் கேப்டனாக இருந்தவர், தோட்டா பெல்ட்டுக்காகவே பேடன்ட் எடுத்தவர். கண்ணியோடு சேர்த்தே நெய்த அவருடைய பெல்ட்டுகள் 1880களில் படை முழுக்கப் பரவின. 1886 வேடத்துக்கு மில்ஸ் பெல்ட் இல்லாமல் முடியாது. உங்கள் தோட்டாக் கூடு பித்தளைதான் என்றாலும் அதையும் தோல் பச்சையாக்கும். போட்டி முடிந்ததும் கண்ணிகளைக் காலி பண்ணி வைத்துவிடுங்கள்.

எந்தப் பக்கம் மாட்டுவது? ராணுவ உறை வலது இடுப்பில், ரிவால்வரின் பிடி முன்னோக்கி இருக்கும். இடது இடுப்பு வாளுக்கு. வலது கையால் எடுக்க வேண்டுமென்றால் உள்ளங்கையை வெளிப்பக்கம் திருப்பி, கட்டைவிரல் உடம்பு பக்கம் இருக்கும்படி பிடியைப் பிடித்து, மேலே தூக்கிக்கொண்டே மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். சொல்லும்போது எளிதாக இருக்கிறது. அந்தத் திருப்பத்தில் கவனம் சிதறினால் குழல் உங்கள் இடுப்பையும் பக்கத்தில் நிற்பவரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வரும். சாஸ் போட்டியில் குழல் எப்போதும் சுடும் திசையை நோக்கியே இருக்க வேண்டும், 170 டிகிரி விதி என்பார்கள். மீறினால் தண்டனை. வீட்டில் தோட்டா இல்லாமல், கண்ணாடி முன்னால், ரொம்ப மெதுவாகப் பழகுங்கள். ரேஞ்சுக்குப் போனதும் போட்டி அதிகாரியிடம் உறையைக் காட்டி, எப்படி எடுக்கப் போகிறீர்கள் என்று செய்து காட்டிவிட்டு ஆரம்பியுங்கள். அவர் வேண்டாம் என்றால் வாதாடாமல் விட்டுவிடுங்கள், அன்றைக்கு ரிவால்வரை மேசையிலிருந்து எடுத்துச் சுட அனுமதி கேளுங்கள். மூடியைப் போட்டி நேரத்தில் பின்னால் மடித்துச் செருகிக்கொள்வது பலரும் செய்வதுதான்.

இரண்டு ரிவால்வர் உள்ள ஸ்கவுட் என்றால் ஒன்று வலது இடுப்பில் நேராக, இன்னொன்று இடது பக்கம் குறுக்கே எடுக்கும்படி இருக்கலாம். தொப்புளுக்கு இருபுறமும் ஒவ்வொன்று, செங்குத்துக் கோட்டிலிருந்து 30 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது, இதெல்லாம் சாஸ் விதி. ஸ்கவுட்டின் உறை சிவிலியன் வகை. 1870களின் முதல் பாதிக்கு ஒல்லியாக ரிவால்வரின் வடிவத்திலேயே தைத்த கலிபோர்னியா உறை, பிந்தைய ஆண்டுகளுக்கு மெக்சிகன் லூப் உறை. பெல்ட்டிலேயே துளை வெட்டி, தொடைக்குக் கீழே இறக்கித் தொங்கவிட்ட உறை சினிமாக்காரர்கள் கொடுத்தது, 20ஆம் நூற்றாண்டுச் சமாச்சாரம். உள்ளே இரும்புத் தகடு வைத்ததும் அப்படியே.

புது உறை இறுக்கமாக வரும். ரிவால்வரை எண்ணெய் தடவி, மெல்லிய பிளாஸ்டிக் பையில் சுற்றி, உறையின் உட்புறத்தை லேசாக ஈரமாக்கி உள்ளே வைத்து, விரலால் சிலிண்டர் இருக்கும் இடத்தை அழுத்தி வடிவம் கொடுங்கள். ரிவால்வரை எடுத்துவிட்டு நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் தோல் சுருங்கி வெடிக்கும்.

கார்பைன், ரைஃபிள்

1873 ஸ்பிரிங்ஃபீல்டு கார்பைன் ஒற்றைத் தோட்டா. மேலே கதவு மாதிரித் திறப்பதால் ட்ராப்டோர் என்பார்கள். குழல் 22 அங்குலம். 55 கிரெயின் (ஒரு சிறிய எடை அளவு) கருமருந்து, 405 கிரெயின் குண்டு, ரைஃபிளில் 70 கிரெயின் மருந்து. லிட்டில் பிக்ஹார்னுக்குப் போன வீரனிடம் இதற்கு 100 தோட்டாவும் ரிவால்வருக்கு 24ம் இருந்தன. வாள்களை வழியிலேயே விட்டுவிட்டுப் போனார்கள், அதனால் 1876 ஜூன் வேடத்தில் 7ஆம் படைக்காரர் வாளோடு நிற்பதும் தவறு. செம்புக் கூடு சூட்டில் உள்ளே ஒட்டிக்கொண்டதால்தான் கஸ்டர் தோற்றார் என்று ஒரு பழைய வாதம் உண்டு. 1983ல் அந்தப் புல்வெளி தீப்பிடித்து எரிந்த பிறகு தொல்லியலாளர்கள் தோண்டி எடுத்த கூடுகளில், கத்தியால் நெம்பிய தழும்பு உள்ளவை கொஞ்சம்தான் கிடைத்தன. அந்த வாதத்தை ரேஞ்சில் ஒப்பிக்காதீர்கள்.

அசல் கார்பைன் வாங்குகிறவர் மரக்கட்டையின் முன்பகுதியின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். ரைஃபிளை வெட்டிக் கார்பைனாக்கி விற்பது பழைய தொழில். ரைஃபிளுக்குத் துப்புரவுக் கம்பி வைக்க ஒரு காடி இருக்கும், அதில் மரத்துண்டை ஒட்டி மறைத்திருப்பார்கள். நகத்தால் தடவினால் ஒட்டு தெரியும். இடதுபக்கம் வளையத்தோடு ஒரு கம்பி இருக்க வேண்டும், தோளில் குறுக்கே போடும் அகலத் தோல் பட்டையின் கொக்கி அந்த வளையத்தில்தான் மாட்டும்.

அசல் ட்ராப்டோராக இருந்தால் கருமருந்து, இல்லையென்றால் ட்ராப்டோருக்கென்றே மருந்தின் வேகத்தைக் குறைத்துச் செய்த .45-70 (அந்தத் துப்பாக்கியின் தோட்டா) தோட்டா. நவீன வலுவான துப்பாக்கிகளுக்குச் செய்த .45-70 தோட்டாவும் அதே அறைக்குள் சரியாகப் போய் உட்காரும், ஆனால் சுட்டால் கதவு உங்கள் முகத்துக்கு வரலாம். பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்காமல் ஒன்றுகூடப் போடாதீர்கள்.

ஒற்றைத் தோட்டாக் கார்பைன் முக்கியப் போட்டிக்கு ஆகாது, தனியாக நடக்கும் ஒற்றைத் தோட்டாப் போட்டிகளுக்குத்தான். முக்கியப் போட்டிக்கு லீவர் ரைஃபிள் வேண்டும். ஸ்கவுட் என்றால் வின்செஸ்டர் 1866 அல்லது 1873. முன்னாள் வீரன் என்றால் ஹென்றி ரைஃபிளுக்கும் நியாயம் உண்டு, உள்நாட்டுப் போரில் வாஷிங்டன் டி.சி.யின் 1ஆம் குதிரைப்படைக்கு ஹென்றி கொடுத்திருந்தார்கள்.

தோட்டா விஷயத்தில் ஒரு தேர்வு செய்யத்தான் வேண்டும். வின்செஸ்டர் 1873 அந்தக் காலத்தில் .44-40, .38-40, .32-20, .22 ஆகியவற்றில்தான் வந்தது, .45 கோல்ட்டில் வரவே இல்லை. இன்றைய நகல் .45 கோல்ட்டில் கிடைக்கிறது, ரிவால்வருக்கும் ரைஃபிளுக்கும் ஒரே தோட்டா என்பது பையிலும் பர்ஸிலும் வசதி. துல்லியம் பார்க்கிறவர் .45 ரிவால்வரும் .44-40 ரைஃபிளுமாக இரண்டு பெட்டி தூக்க வேண்டும். ஆரம்பத்தில் ஒரே தோட்டாவாக வைத்துக்கொள்ளுங்கள். குழலின் அளவை யாரும் குனிந்து பார்க்கப் போவதில்லை. அவசரத்தில் தப்பான தோட்டாவைத் திணித்து ரைஃபிள் மாட்டிக்கொண்டால் ஊரே பார்க்கும்.

ஷாட்கன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெளியே ஹேமர் தெரிகிற இரட்டைக் குழல் போதும், அதிகாரிகள் வேட்டைக்கு வைத்திருந்தார்கள். வின்செஸ்டர் 1897 பம்ப் வேகமானது, போட்டியில் அனுமதியும் உண்டு, ஆனால் பெயரிலேயே ஆண்டு இருக்கிறது.

ரேஞ்சில்

சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரில் ஆறு அறை இருந்தாலும் ஐந்துதான் போட வேண்டும். ஹேமர் காலி அறைமேல் இருக்க வேண்டும், விதியும் அதுதான், அன்றைய அறிவுள்ளவன் வழக்கமும் அதுதான். கோல்ட் வகையில் ஹேமரைப் பாதி இழுத்து நிறுத்தி, பக்கக் கதவைத் திறந்து, ஒன்று போடுங்கள், ஒரு அறையைத் தாண்டுங்கள், அப்புறம் நான்கு போடுங்கள். கதவை மூடி, ஹேமரை முழுதாக இழுத்து, மெதுவாக இறக்குங்கள். காலி அறைமேல் போய் உட்காரும். இதை லோடிங் மேசையில்தான் செய்ய வேண்டும், பக்கத்தில் ஒருவர் சரிபார்ப்பார். ஈயக்குண்டு மட்டும், செம்பு போர்த்தியது கூடாது. கண்ணாடியும் காதடைப்பும் 19ஆம் நூற்றாண்டு இல்லைதான், அதற்காக விட்டுவிட முடியாது.

உடையில் இரண்டே இரண்டு எச்சரிக்கை. மஞ்சள் கழுத்துத் துணி 1870களில் ராணுவம் கொடுத்ததில்லை. கால்சட்டையில் மஞ்சள் பட்டை அதிகாரிக்கும் சார்ஜென்ட், கார்ப்பொரலுக்கும்தான், சாதாரண வீரனின் வான்நீலக் கால்சட்டை வெறுமை. இந்த இரண்டையும் கழற்றிவிட்டாலே பாதி சினிமா போய்விடும்.

வாங்கும் வரிசை இதுதான். முதல் மாதம் ஒன்றும் வாங்காதீர்கள், பக்கத்து கிளப் போட்டிக்குப் பார்வையாளராகப் போங்கள். வேடம் போட்டவர்களிடம் "இது எந்த வருஷம்?" என்று கேட்டாலே போதும், மணிக்கணக்கில் பேசுவார்கள், தங்கள் துப்பாக்கியைக் கையில் கொடுத்துச் சுடச் சொல்வார்கள், விசா விஷயம் மட்டும் நினைவிருக்கட்டும். முடிந்தால் டெக்சாஸில் ஃபோர்ட் டேவிஸ், கான்சாஸில் ஃபோர்ட் லார்னெட், மாசசூசெட்ஸில் ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரி இவற்றில் ஒன்றைப் பார்த்து, உறை, பெல்ட், கார்பைன் எல்லாவற்றையும் கிட்டப் போய்ப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு ரிவால்வர், அதன் குழல் நீளத்தை எழுதிக் கொடுத்து உறை. தோல்வேலை செய்கிறவர்கள் பலர் மாதக்கணக்கில் காக்க வைப்பார்கள், அதனால் உறையை ரிவால்வர் வந்த அன்றே ஆர்டர் பண்ணிவிடுங்கள். லீவர் ரைஃபிளும் ஷாட்கனும் முதல் சில போட்டிகளுக்குக் கடன் வாங்கிச் சுடலாம். ட்ராப்டோர் கார்பைன் கடைசியில் வாங்குகிற பொருள், ஆசை தாங்காமல் எல்லோரும் முதலில் வாங்குவதும் அதைத்தான்.